சம்பத் கிளம்பிய காலை

1

"தானம் கொடுக்கப் போறோம் துவே. உன்னால வர ஏலுமா?" என்று சம்பத்தின் அம்மா தொலைபேசியில் கேட்டபோது, நான் இங்கிலாந்தில், வேலை செய்யும் மருந்தகத்தில், மாத்திரைப் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் பேசுவது சிங்களம். துவே என்றால் மகளே. அவர் சொன்னதை என் கண்டித் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுகிறது.

இறந்துபோனவரின் பெயரால் பிக்குகளை, சிங்களத்தில் ஹாமுதுரு, வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு கொடுப்பது தானம். கண்டியில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் கண்டிக்குப் பக்கத்தில் கலகெதரவில் இருக்கும் அந்த வீட்டில் சம்பத்தின் பெயரால் இதுவரை ஒரு தானமும் நடக்கவில்லை. அவன் இறந்தான் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரத்தில், நாங்கள் நான்கு மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து, ஒரு பெப்ரவரி மாதக் காலையில் அவன் வெளியே போனான். திரும்பி வரவில்லை. பதினோரு வருடம் ஆகிவிட்டது.

"அவன் அண்ணன் சொல்றான், ஹாமுதுருவும் சொல்றார், போதும் அம்மே என்று. நானும் சரின்னுட்டேன்" என்றார். "அவனோட இருந்தது நீதானே. நீ வந்தா நல்லம்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு இரண்டு பெட்டிகளில் பெயரை மாற்றி ஒட்டி, மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டில் என் கணவருக்கு ஆச்சரியம். அவர் யாழ்ப்பாணத்தார். "ஒரு காலத்தில கூட இருந்த பொடியனுக்காக இவ்வளவு தூரம் போகோணுமே?" என்றார். போக வேண்டும் என்றேன். ஏன் என்று அவருக்குச் சொல்லவில்லை. சம்பத் கிளம்பிப் போனதை நான் பார்த்தேன் என்பது பதினோரு வருடமாக யாருக்கும் தெரியாது.

2

அந்த வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே ஒரு சமையலறை, மேலே நான்கு அறைகள், நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு குளிர்சாதனப் பெட்டி. அதில் ஆளுக்கொரு தட்டு. நான், சம்பத், நைஜீரியாவிலிருந்து வந்த ங்கோசி, ஜப்பானிலிருந்து வந்த யூக்கி.

என் மாசிச் சம்பலின் வாடை தாங்க முடியவில்லை என்று ங்கோசி சொன்னாள். அவள் சூப்பில் போடும் காய்ந்த இறாலின் வாடை எனக்குத் தாங்க முடியவில்லை. இரண்டும் கருவாட்டுக்குச் சொந்தம்தான், ஆனாலும் சண்டை போட்டோம். யூக்கி எதுவும் சொல்ல மாட்டாள். எழுந்து போய் ஜன்னலைத் திறப்பாள். ஜன்னல் திறந்திருந்தால் அவளுக்குக் கோபம் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு மாதம் பிடித்தது. அதுவரை, காற்றாட இருக்கட்டும் என்று நினைத்து நானும் என் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு அவளுக்கு உதவி செய்துகொண்டிருந்தேன்.

ங்கோசிக்கு ஒரு விஷயம் உயிர். காலையில் முதலில் பார்க்கும் ஆளுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் கடந்து போவது அவள் ஊரில் முகத்தில் துப்புவதற்குச் சமம். நம் ஊரில் ஒரே வீட்டில் இருப்பவர்கள் காலையில் ஒருவருக்கொருவர் வணக்கமா சொல்கிறோம்? ஒரு சிரிப்பு, அல்லது தேத்தண்ணி ஆறுது என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சம்பத்திடம் அதுகூட இல்லை. தலையைக் கொஞ்சம் ஆட்டிவிட்டுப் போவான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ங்கோசி ஒருநாள், "நான் உனக்கு மேசையா, கதிரையா?" என்று கேட்டுவிட்டு அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவன் என்னிடம் வந்து, "அக்கா, நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டான். அவனுக்கு விளங்கவே இல்லை.

நானும் ஒன்றும் சும்மா இல்லை. சம்பத்திடம் ஒரு பழக்கம். நான் எப்போது வெளியே கிளம்பினாலும், மாடிப்படியில் நின்று, "எங்க அக்கா போறீங்க?" என்பான். எங்கள் வீட்டில் இது ஆகாது. வெளியே கிளம்பும் ஆளிடம் எங்கே போகிறாய் என்று கேட்டால் போன காரியம் உருப்படாது என்பது அம்மாவின் கட்டளை. கேட்டே ஆக வேண்டும் என்றால், "தூரமா?" என்று மட்டும் கேட்கலாம். அவன் கேட்டதும் நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவேன். அதனால் ஒரு தடவை பஸ்ஸைத் தவறவிட்டு, நேர்முகத் தேர்வுக்குப் பிந்திப் போனேன். அன்று மாலை அவனை உட்கார வைத்துத் திட்டினேன்.

"கிளம்புற ஆளுகிட்ட அப்படிக் கேக்கப்படாது சம்பத். அபசகுனம். இனிமே கேக்காத."

"சொரி அக்கா" என்றான். அதன் பிறகு கேட்கவே இல்லை.

3

இரண்டாவது வருடம் சம்பத் வகுப்புக்குப் போவது குறைந்தது. எங்களுக்கு அது தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து அவன் பெயருக்கு வெள்ளை உறைகள் வந்தன. வருகைப் பதிவு குறைந்தால் முதலில் எச்சரிக்கை, பிறகு விசாரணை, பிறகு விசா ரத்து. இது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த உறைகள் வாசலில் கிடக்கும். யூக்கி அவற்றை எடுத்து, எழுத்து கீழே இருக்கும்படி திருப்பி, அவன் கதவடியில் வைப்பாள். ஒருவன் மறைக்க விரும்புவதைப் பார்க்காதது போல இருப்பதுதான் மரியாதை என்று பின்னால் சொன்னாள். சொல்லும்போது அழுதாள்.

அந்தக் காலை ஏழு மணி இருக்கும். வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. நான் சமையலறையில் ரொட்டித் துண்டு வாட்டிக்கொண்டிருந்தேன். சம்பத் நீலநிறப் பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். வாசலில் உட்கார்ந்து சப்பாத்து நாடா கட்டினான். ஒரு காலைக் கட்டிவிட்டு என்னைப் பார்த்தான். மறுகாலைக் கட்டிவிட்டுப் பார்த்தான். முதல் காலை அவிழ்த்து மறுபடி கட்டினான். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. கதவு திறந்து கிடக்கிறது, குளிர் உள்ளே வருகிறது, இவன் என்ன இவ்வளவு நேரம் என்று.

பையைப் பார்த்தேன். இவ்வளவு காலையில் எங்கே என்று வாய்வரை வந்தது. கிளம்புகிறவனிடம் கேட்கக் கூடாது என்று அப்படியே விழுங்கினேன். "தூரமா?" என்றாவது கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை.

"அக்கா" என்றான்.

"ம்" என்றேன்.

சிரித்தான். எழுந்து போனான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இடது பக்கம் திரும்பி, வெளியூர் பஸ் நிலையத்துக்குப் போகும் தெருவில் நடந்தான்.

4

நான்காவது நாள் போலீஸ் வந்தது. ஒரு பெண் அதிகாரி. நல்ல மாதிரி. எங்களைச் சமையலறையில் உட்காரவைத்து ஒரு படிவத்தை நிரப்பினார். கடைசியாகப் பார்த்தது யார், எத்தனை மணிக்கு, என்ன உடை, எந்தப் பக்கம். யூக்கி முந்திய நாள் இரவு அவன் அறையில் வெளிச்சம் பார்த்ததாகச் சொன்னாள். ங்கோசி, தான் அவனோடு பேசுவதில்லை என்று தலைகுனிந்து சொன்னாள்.

என் முறை வந்தது. நான், "தூங்கிக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. கண்டியில் நான் படிக்கிற காலத்தில் எங்கள் தெருவில் சுற்றிவளைப்பு நடக்கும். தமிழ் வீடுகளில் சீருடைக்காரர்கள் வந்து கேள்வி கேட்பார்கள். அப்பா பிள்ளைகள் எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரு சிங்கள வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தார். "மம தன்னே நே." எனக்குத் தெரியாது. "எது கேட்டாலும் இதத்தான் சொல்லணும். பாத்திருந்தாலும் பாக்கல. வெளங்குதா?" என்பார். கணக்குப் பாடத்தில் கோட்டைவிட்ட நான் அந்தப் பாடத்தில் மட்டும் கோட்டை விட்டதில்லை. அதுவும் காணாமல் போனது ஒரு சிங்களப் பையன். கடைசியாகப் பார்த்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. இந்த ஊர் போலீஸுக்கு அந்த வித்தியாசமே தெரியாது என்று இன்று புரிகிறது. அன்று புரியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த அதிகாரி, "நீங்களும் சம்பத்தும் ஒரே நாடுதானே, அவன் அம்மாவோடு பேச உதவ முடியுமா?" என்றார். அவரைப் பொறுத்தவரை அது சின்ன உதவி. சந்தையிலும் பஸ்ஸிலும் பொறுக்கிய சிங்களத்தை வைத்துக்கொண்டு, மகனைக் காணவில்லை என்பதை ஒரு தாயிடம் நான் சொன்னேன். எதிர்முனையில் அவர் கேட்ட முதல் கேள்வி:

"அவன் போறத யாரும் பாக்கலியா?"

அதிகாரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் மொழிபெயர்ப்பேன் என்று. நான் மொழிபெயர்க்கவில்லை. நானே பதில் சொன்னேன்.

"இல்ல அம்மே. யாரும் பாக்கல."

அவர்கள் வலது பக்கம், கால்வாய்க் கரையில் தேடினார்கள். அங்கேதான் இப்படிக் காணாமல் போகிறவர்களை முதலில் தேடுவார்களாம். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். நாய்கள் வந்தன, படகு வந்தது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தேன். ஆனால் பொய் சொன்னது ஏன் என்று கேட்பார்களே, என் விசா என்னாகும் என்று ஒவ்வொரு மாலையும் விட்டுவிட்டேன். பஸ் நிலையத்தில் கமராப் பதிவுகளைக் கொஞ்ச நாள்தான் வைத்திருப்பார்கள் என்று பிற்பாடு எங்கோ படித்தேன். அந்தக் கொஞ்ச நாளை நான்தான் வீணாக்கினேன்.

5

படித்து முடித்து, வேலை கிடைத்து, கல்யாணம் ஆகி, பிள்ளையும் பெற்று இங்கேயே இருந்துவிட்டேன். மகளுக்கு எட்டு வயது. நான் குளிருக்குப் போடும் கோட்டை எடுத்தால் போதும், "எங்க போறீங்க அம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்பாள். எத்தனை மணிக்கு வருவீர்கள், எந்தக் கடை, நான் வரலாமா? அபசகுனம் என்று அவளிடம் நான் சொன்னதில்லை. கண்டியிலிருந்து என் அம்மா தொலைபேசியில் அதைக் கேட்டுவிட்டு, "ஏண்டி, புள்ளைக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலியா? கெளம்புறவகிட்ட இப்பிடிக் கேக்குதே" என்றார். "கேக்கட்டும்மா" என்றேன். என் குரலில் இருந்த கடுமை அம்மாவுக்குப் புரியவில்லை. ரெண்டு நாள் பேசவில்லை.

ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒருநாள் ஒதுக்கிக் கலகெதர போவேன். முதல் தடவை போனது சம்பத் காணாமல் போன அடுத்த வருடம். கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் குருநாகல் பஸ் ஏறினேன். சம்பத்தின் அம்மா மெயின் ரோட்டுக்கே வந்து காத்திருந்தார். அங்கிருந்து மேட்டுப் பாதையில் கால்மணி நேரம் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் மிளகுக்கொடி, கராம்பு மரம்.

அந்தக் கால்மணி நேரத்தில் எத்தனை பேர் எங்களைக் கேட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? கடைக்காரர் கேட்டார். முச்சக்கரவண்டிக்காரர் வேகத்தைக் குறைத்துக் கேட்டார். கிணற்றடியில் துணி துவைத்தவள் கேட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறீர்கள்?

சம்பத்தின் அம்மா ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னார். வீட்டுக்குத்தான், மகனோட சிநேகிதி வந்திருக்கு, என்று. இந்தக் கேள்வியை நான் கண்டியில் ஆயிரம் தடவை என் காதால் கேட்டிருக்கிறேன். சந்தையில், பஸ்ஸில், பள்ளிக்கூட வாசலில். ஆனால் அது இவர்களுக்கு நலமா என்று விசாரிப்பது மாதிரி என்பதை, அந்த மேட்டுப் பாதையில் நடந்தபோதுதான் உணர்ந்தேன். அங்கே ஒருவன் பையோடு வாசல் தாண்ட, யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால், அவன் யாருக்கும் வேண்டாதவன் என்றுதான் பொருள்.

அவன் நாடாவை மறுபடி அவிழ்த்துக் கட்டியது ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. பாதையோரம் உட்கார்ந்துவிட்டேன். ஏற்றம் பழக்கமில்லை போல என்று அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

6

இந்த வருடம், தானத்துக்கு முந்திய நாள் போனேன். வீடு வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. சம்பத்தின் அண்ணன் நிமல் முற்றத்தில் தகரப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார். சமையலறையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் தேங்காய் துருவினார்கள். முன்னறையில் சம்பத்தின் படம் சட்டம் போட்டு, இன்னும் மாட்டாமல், கதிரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் போட வாங்கிய பூமாலை கடதாசிப் பையிலேயே இருந்தது.

அம்மே என்னை உள்ளறைக்கு அழைத்துப் போய்க் கட்டிலில் உட்காரவைத்தார்.

"நாளைக்கு ஹாமுதுரு வந்து அவன் பேருக்குப் புண்ணியம் சேர்ப்பார். அதுக்கப்புறம் நான் அவனத் தேட மாட்டேன். தேடக் கூடாது" என்றார். "அதுக்கு முந்தி, அவனத் தெரிஞ்ச எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். உங்கிட்டயும் ஒருக்காக் கேக்குறேன். ஏதாச்சும் விட்டுப்போச்சா துவே?"

நான் என்ன நினைத்தேன் என்றால், இந்தப் பெண் நாளையோடு கதவைச் சாத்தப் போகிறாள், அதற்கு முன் இதையும் உள்ளே போட்டுவிட வேண்டும் என்று. அவருக்காக என்று நினைத்தேன். இப்போது பார்த்தால், எனக்காகத்தான்.

சொன்னேன். ஏழு மணி, ரொட்டித் துண்டு, சப்பாத்து நாடா, அவன் சிரித்தது, நான் கேட்காதது. நான் பார்த்தேன் அம்மே, பொய் சொன்னேன் அம்மே என்று அவர் காலைப் பிடித்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவர் அழவில்லை. என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

"பை வச்சிருந்தானா?"

"ஆமா. நீலப் பை."

"கனமா இருந்துச்சா?"

"கொஞ்சம் கனந்தான். தோள மாத்திப் போட்டுக்கிட்டான்."

"பஸ் நிக்கிற பக்கமா போனான்?"

"ஆமா அம்மே."

அவர் எழுந்தார். முகம் எப்படி மாறியது என்று எழுதத் தெரியவில்லை. அறுபத்தெட்டு வயதுப் பெண் நாற்பது வயதுக்காரிபோல நடந்து முன்னறைக்குப் போனார்.

"நிமல்! பந்தலப் பிரி."

அண்ணன் ஏணியில் நின்றபடி பார்த்தார்.

"துணிமணி எடுத்துக்கிட்டுப் போயிருக்கான்டா. சாகப் போறவன் பையில துணி வச்சு, கனமாத் தூக்கிக்கிட்டுப் போவானா? பஸ் ஏறிப் போயிருக்கான். எங்கயோ போய்ச் சேர்ந்திருக்கான். உசுரோட இருக்குற பிள்ளைக்கு நான் தானம் குடுக்க மாட்டேன். பன்சலைக்குப் போன் பண்ணி ஹாமுதுருவ வரவேண்டாம்னு சொல்லு."

அந்தப் பையில் துணி இருந்ததா, பாடப்புத்தகம் இருந்ததா, கல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. துணி என்று நான் சொல்லவே இல்லை. சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் சம்பத்தின் படத்தைச் சட்டத்தோடு தூக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். தேங்காய் துருவிய பெண்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நிமல் என்னை மெயின் ரோடு வரை கூட்டிக்கொண்டு வந்தார். வழியில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. பஸ் வந்ததும், நங்கி, அதாவது தங்கச்சி, என்று அழைத்துச் சொன்னார்:

"பதினோரு வருசம் பாடுபட்டு அம்மாவ இந்த இடத்துக்குக் கொண்டுவந்தேன் நங்கி. ஒண்ணு அன்னிக்கே சொல்லியிருக்கணும். இல்லாட்டிக் கடைசி வரைக்கும் சொல்லாம இருந்திருக்கணும்."

திட்டுகிற குரலில்கூடச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டும்வரை நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

7

திரும்பி வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அப்ப உண்மையிலயே பாத்தனீரோ?" என்று மட்டும் கேட்டார். போலீஸுக்கும் எழுதினேன். கோப்பில் சேர்த்துக்கொண்டோம் என்று ஒரு இலக்கத்தோடு பதில் வந்தது. ங்கோசி கனடாவில் இருக்கிறாள். அவளுக்கும் எழுதினேன். பதில் இல்லை.

கலகெதரவிலிருந்து இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அழைப்பு வருகிறது. அம்மேயின் குரலில் ஒரு தெளிவு. புதுச் சேலை வாங்கினாராம். சம்பத்தின் அறையைக் கழுவிவிட்டாராம். சென்ற மாதம் சொன்னார்:

"நீ தேடுறப்போ பழைய மூஞ்சியத் தேடாத துவே. அவங்க தாத்தாவுக்கு முப்பது வயசுலயே நரைச்சிருச்சு. இவனுக்கும் நரைச்சிருக்கும். கொஞ்சம் தொந்தியும் வச்சிருக்கும்."

அவர் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற நிலையில் நான் இருக்கிறேன். சனிக்கிழமை காலையில் மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து அந்தப் பழைய நகரத்துக்குப் போகிறேன். கணவர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வருவார். அந்த வெளியூர் பஸ் நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். லண்டன் பஸ், கிளாஸ்கோ பஸ், விமான நிலையத்துப் பஸ். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறேன். முப்பத்தைந்து வயது, நரை, சின்னத் தொந்தி. அவன் வருவான் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அம்மே கேட்கும்போது, "போய்ப் பாத்தேன் அம்மே, வரல" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையாவது பொய்யாக இருக்கக் கூடாது.